ஸ்டீல் கட் ஓட்ஸ் காலை உணவுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்டீல் கட் ஓட்ஸ் என்றால் என்ன? நாம் வழக்கமாக வாங்கும் ஓட்ஸிலிருந்து எப்படி வேறுபடுகிறது?

தானியம் ஒன்றேதான், ஆலையில் அதைப் பக்குவம் செய்யும் விதம்தான் வேறு. ஓட்ஸும் நெல் மாதிரி உமியோடு விளைவது. உமியை நீக்கினால் உள்ளே நீளமான ஒரு மணி கிடைக்கும். அந்த மணியை எஃகுக் கத்திகளால் குறுக்கே இரண்டு, மூன்று துண்டுகளாக நறுக்கினால் ஸ்டீல் கட் ஓட்ஸ். அதே மணியை ஆவியில் காட்டி, உருளைகளுக்கு இடையே விட்டுத் தட்டையாக்கினால் ரோல்டு ஓட்ஸ். இன்னும் மெல்லியதாகத் தட்டி, முன்கூட்டியே வேகவைத்துக் காயவைத்தால், வெந்நீர் ஊற்றியதும் கரையும் இன்ஸ்டன்ட் ஓட்ஸ். அரிசியில் குருணைக்கும் அவலுக்கும் உள்ள வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் பாக்கெட்டில் இருப்பது பச்சைத் தானியமா?

முழுக்கப் பச்சை இல்லை. மற்ற தானியங்களைவிட ஓட்ஸில் கொழுப்பு அதிகம், 100 கிராமுக்கு 6 முதல் 7 கிராம் வரை இருக்கும். அந்தக் கொழுப்பைச் சிதைக்கும் லைபேஸ் என்ற நொதியும் அதே மணியில் இருக்கிறது. உமி நீங்கி மணி உடைந்ததும் இரண்டும் கலந்து, சீக்கிரமே கசப்பும் சிக்கு வாடையும் வந்துவிடும். அதனால்தான் ஆலையிலேயே ஆவியிலும் சூட்டிலும் காட்டி அந்த நொதியைச் செயலிழக்கச் செய்துவிடுகிறார்கள். ஓட்ஸுக்கு நாம் விரும்பும் அந்த லேசான வறுத்த வாசனை வருவதும் இந்தச் சூட்டில்தான்.

ஐரிஷ் ஓட்ஸ், பின்ஹெட் ஓட்ஸ் என்றெல்லாம் பெயர் பார்க்கிறேனே?

எல்லாம் இதுதான். அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் குளிரும் ஈரமும் அதிகம். அங்கே கோதுமையைவிட ஓட்ஸ்தான் நன்றாக விளைந்தது, அதனால் ஏழைவீட்டுக் கஞ்சியும் அதுவே ஆனது. ஸ்காட்லாந்தில் பழைய வழக்கம் கல்லில் அரைத்துக் கரகரப்பாக எடுப்பது. ஹைலேண்ட்ஸ் பகுதியில் உள்ள கார்பிரிட்ஜ் என்ற ஊரில் 1994 முதல் ஓட்ஸ் கஞ்சிக்கென்றே உலகப் போட்டி நடக்கிறது. அதன் முக்கியப் பிரிவில் ஓட்ஸ், தண்ணீர், உப்பு ஆகிய மூன்றைத் தவிர வேறெதுவும் சேர்க்கக் கூடாது, ரோல்டு ஓட்ஸுக்கும் அனுமதி இல்லை. ஜெயிப்பவருக்குக் கஞ்சி கிண்டும் மரக்கோலின் வடிவில் ஒரு தங்கநிறக் கோல் பரிசு. பாலும் தேனும் முந்திரியும் கொட்டினால்தான் ஓட்ஸ் வாயில் வைக்க முடியும் என்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம்.

எந்திரத்தில் நறுக்கும் முறை அமெரிக்காவில் பரவியது. ஜெர்மனியிலிருந்து குடியேறி ஒஹையோவின் ஆக்ரன் நகரில் மளிகைக்கடை வைத்திருந்த ஃபெர்டினாண்ட் ஷூமாக்கர் 1850களில் அங்கே ஓட்ஸ் தயாரிக்கத் தொடங்கினார். அமெரிக்கர்கள் அதுவரை ஓட்ஸைக் குதிரைத் தீவனமாகவே பார்த்தார்கள். மணியை நசுக்கினால் பாதி மாவாகி வீணானது. 1870களில் நறுக்கும் எந்திரம் வந்த பிறகு துண்டுகள் ஒரே அளவில் கிடைத்தன. ஆனால் கொஞ்ச காலத்திலேயே, சீக்கிரம் வேகும் தட்டை ஓட்ஸ் சந்தையைப் பிடித்துக்கொண்டது.

ரோல்டு ஓட்ஸைவிட ஸ்டீல் கட்டில் சத்து அதிகமா?

இல்லை. விளம்பரங்கள் எப்படிச் சொன்னாலும் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். எடை பார்த்து 40 கிராம் எடுத்தால் இரண்டிலுமே ஏறக்குறைய 150 கலோரி, 27 கிராம் மாவுச்சத்து, 5 கிராம் புரதம், 4 கிராம் நார்ச்சத்து. கப் கணக்கில் அளந்தால்தான் ஸ்டீல் கட் அதிகம்போலத் தோன்றும். கனமான துண்டுகள் கப்பில் நெருக்கமாக உட்காரும், தட்டை ஓட்ஸ் காற்றோடு உட்காரும். கால் கப் ஸ்டீல் கட்டும் அரை கப் ரோல்டும் எடையில் ஒன்று.

பிறகு எதற்கு அரை மணி நேரம் அடுப்பில் நிற்க வேண்டும்?

செரிக்கும் வேகத்துக்காக. துண்டு பெரிதாகவும் கெட்டியாகவும் இருந்தால் செரிமான நொதிகள் உள்ளே புக நேரமாகும், சர்க்கரை ரத்தத்தில் மெதுவாக ஏறும். ஓர் உணவு ரத்தச் சர்க்கரையை எவ்வளவு வேகமாக ஏற்றுகிறது என்று காட்டும் கிளைசெமிக் குறியீட்டில் ஸ்டீல் கட்டும், நன்றாகத் தடிமனாக இருக்கும் ரோல்டு ஓட்ஸும் 55-ஐ ஒட்டி வருகின்றன. இன்ஸ்டன்ட் ஓட்ஸ் 75-ஐ ஒட்டிப் போய்விடுகிறது. ஆக, பெரிய இடைவெளி ஸ்டீல் கட்டுக்கும் ரோல்டுக்கும் நடுவில் இல்லை. இவை இரண்டையும் ஒரு பக்கம் வைத்தால், மறுபக்கம் இருப்பது இன்ஸ்டன்ட். தடிமனான ரோல்டு ஓட்ஸைச் சர்க்கரை போடாமல் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர், உடல்நலத்துக்காக மட்டும் ஸ்டீல் கட்டுக்கு மாற வேண்டிய அவசியமில்லை. அது மென்று சாப்பிடக் கிடைக்கிறது, ருசியாக இருக்கிறது என்பதற்காக மாறலாம். என்னைக் கேட்டால் அதுவே போதுமான காரணம்.

இன்னொன்று. ஸ்டீல் கட்டை வாங்கி வந்து மிக்ஸியில் அடித்து, நைஸாகக் கூழ் காய்ச்சிக் குடித்தால், கூடுதலாகக் கொடுத்த காசு மிக்ஸியோடு போயிற்று.

கொலஸ்ட்ரால் குறையும் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. ஆனால் அளவு முக்கியம். ஓட்ஸில் பீட்டா குளூக்கன் என்ற கரையும் நார்ச்சத்து இருக்கிறது. கஞ்சி கொழகொழவென்று வருவது இதனால்தான். குடலில் இது பசைபோலாகிப் பித்த அமிலங்களைப் பிடித்து வெளியே கொண்டுபோகிறது. ஈரல் புதிதாகப் பித்தம் சுரக்க வேண்டுமானால் ரத்தத்திலிருந்து கொலஸ்ட்ராலை எடுத்தாக வேண்டும். கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்.டி.எல். குறைவது இந்த வழியில்தான்.

நாளுக்கு 3 கிராம் பீட்டா குளூக்கன், கூடவே நிறைவுறு கொழுப்பு குறைந்த சாப்பாடு என்றால் இதயநோய் அபாயம் குறையலாம் என்று உணவுப் பொட்டலத்தில் அச்சிட அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 1997-ல் அனுமதி கொடுத்தது. பின்னர் பார்லிக்கும் அதே அனுமதி கிடைத்தது. இப்போது கணக்குப் போடுங்கள். ஓட்ஸில் பீட்டா குளூக்கன் சுமார் 4 முதல் 5 சதவீதம். காலையில் 40 கிராம் ஓட்ஸ் சாப்பிட்டால் 2 கிராமைத் தொடுவதே கஷ்டம். 3 கிராமுக்குக் கிட்டத்தட்ட 70 கிராம் வேண்டும், அது ஒருவேளைக்குப் பெரிய கிண்ணம். மிச்சத்தைப் பார்லிக் கஞ்சியிலோ மாலைச் சிற்றுண்டியிலோ சேர்த்துக்கொள்ளலாம். இப்படித் தினமும் சாப்பிட்டு வந்தால் எல்.டி.எல். 5 முதல் 7 சதவீதம் வரை குறையும். மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தால் ஓட்ஸை நம்பி அதை நிறுத்தாதீர்கள். மாத்திரை செய்யும் வேலை இதைவிடப் பல மடங்கு.

சர்க்கரை நோயாளிகள் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாமா?

கூடாது. நம் வீடுகளில் ஓட்ஸை மருந்துபோல் நினைத்து, ஒரு பெரிய கிண்ணம் குடித்துவிட்டு மேலே இரண்டு இட்லியும் சாப்பிடுகிறார்கள். 40 கிராம் ஓட்ஸில் இருக்கும் மாவுச்சத்து ஏறக்குறைய மூன்று சின்ன இட்லியில் இருக்கும் அளவுதான். மெதுவாக ஏறும் என்பதால் ஏறாது என்று அர்த்தமில்லை. 40 கிராமோடு நிறுத்தி, ஒரு முட்டையோ ஒரு கை வேர்க்கடலையோ கொஞ்சம் சுண்டலோ சேர்த்துச் சாப்பிடுங்கள். இரண்டு மணி நேரம் கழித்து வீட்டுக் கருவியில் ஒருமுறை பார்த்துவிட்டால், உங்கள் உடம்புக்கு எத்தனை கிராம் ஒத்துவரும் என்பது தெரிந்துவிடும்.

எடை குறையுமா?

ஓட்ஸ் தானாக எடையைக் குறைக்காது. பதினொரு மணிக்குக் கை வடைப் பக்கம் போகாமல் இருக்க உதவும், அவ்வளவுதான்.

அடுப்பில் எப்படிச் செய்வது? எனக்கு எப்போதும் அடிபிடிக்கிறது.

அடிகனமான பாத்திரம் எடுங்கள். ஒரு பங்கு ஓட்ஸுக்கு நான்கு பங்கு தண்ணீர். ரெண்டு பேருக்கு அரை கப் ஓட்ஸ், இரண்டு கப் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளலாம். முதலில் வெறும் பாத்திரத்திலோ அரை டீஸ்பூன் நெய்யிலோ ஓட்ஸை மூன்று நான்கு நிமிடம் வறுங்கள். பொரிமாவு வாசனை மாதிரி ஒன்று எழும், நிறம் மாற வேண்டியதில்லை. தண்ணீரைத் தனியாகக் கொதிக்கவைத்து ஊற்றிக் கிளறிவிட்டு, மறுபடி கொதி வந்ததும் தீயைச் சிம்முக்குக் கொண்டுபோய் மூடியைக் கொஞ்சம் திறந்தாற்போல் வையுங்கள்.

முதல் பத்து நிமிடம் பொங்கும், பக்கத்தில் இருங்கள். அடுத்த பத்து நிமிடம் அதுபாட்டுக்கு வேகும், கிளறிக்கொண்டே இருக்கத் தேவையில்லை. கடைசிப் பத்து நிமிடத்தில்தான் கெட்டியாகி அடியில் பிடிக்கும், அப்போது அடிக்கடி கிளற வேண்டும். 25 நிமிடத்தில் மெல்லும் பதம், 30 நிமிடத்தில் குழைவு. உப்பை இறக்குவதற்குச் சற்று முன்பு போடுங்கள். அடுப்பை அணைத்து ஐந்து நிமிடம் மூடிவைத்தால் இன்னும் கொஞ்சம் இறுகும். அதனால் ‘கொஞ்சம் தண்ணியாக இருக்கிறதே’ என்று தோன்றும்போதே இறக்கிவிடுங்கள்.

பாலை ஆரம்பத்திலேயே ஊற்றுவதுதான் பெரும்பாலும் அடிபிடிக்கக் காரணம். தண்ணீரில் வேகவைத்துவிட்டு, கடைசியில் காய்ச்சிய பாலை ஊற்றி ஒரு கொதி விட்டால் போதும்.

பிரஷர் குக்கரில் வைக்கலாமா? வெயிட் வழியாகப் பொங்கி அடுப்பெல்லாம் நாசமாகிறது.

குக்கருக்குள் நேரடியாக வைக்காதீர்கள். ஓட்ஸின் நுரை பிசுபிசுப்பானது, வெயிட் துவாரத்தை அடைத்துவிடும். அது வெறும் அழுக்குப் பிரச்சினை இல்லை, ஆபத்தும்கூட. சாதத்துக்கு வைப்பதுபோல் குக்கரின் அடியில் தண்ணீர் ஊற்றி, உள்ளே தனிப் பாத்திரத்தில் ஒரு பங்கு ஓட்ஸும் மூன்று பங்கு தண்ணீரும் வையுங்கள். பாத்திரம் பாதிக்கு மேல் நிரம்பக் கூடாது. இரண்டு சொட்டு நெய் அல்லது எண்ணெய் விட்டால் நுரை அடங்கும். மேலே ஒரு தட்டு. ஒரு விசில் வந்ததும் சிம்மில் ஏழெட்டு நிமிடம் வைத்து அணைத்துவிடுங்கள். ஆவி தானாக அடங்கும்வரை திறக்காதீர்கள், மிச்ச வேக்காடு அந்த நேரத்தில்தான் நடக்கிறது. திறந்ததும் மேலே தண்ணீர் மிதக்கும். பயப்பட வேண்டாம், கரண்டியால் நாலு கிளறு கிளறினால் சேர்ந்துவிடும்.

மின்சாரப் பிரஷர் குக்கரில் அதிக அழுத்தத்தில் 4 நிமிடம் வைத்து, கால் மணி நேரம் தானாக அடங்கவிட்டால் போதும்.

காலையில் இதற்கெல்லாம் எங்கே நேரம்?

மேல்நாடுகளில் ஒரு வழி சொல்வார்கள். இரவு ஒரு கொதி விட்டு அணைத்து, அப்படியே அடுப்பிலேயே மூடிவைத்து, காலையில் சூடாக்கிச் சாப்பிடுவது. குளிர்ந்த சமையலறைக்கு அது சரி. சென்னையிலோ மதுரையிலோ மே மாதத்தில் அதைச் செய்யாதீர்கள், வேகவைத்த தானியம் ராத்திரி முழுக்க வெளியில் இருந்தால் கெட்டுப்போகும்.

நம் ஊருக்கு ஒத்துவருவது ஊறவைப்பது. இரவு தண்ணீர் ஊற்றி ஃபிரிட்ஜில் வைத்தால், காலையில் அதே தண்ணீரோடு பதினைந்து நிமிடத்தில் வெந்துவிடும். அல்லது ஞாயிற்றுக்கிழமை மொத்தமாகச் செய்து, ஆறியதும் டப்பாக்களில் பிரித்து ஃபிரிட்ஜில் வையுங்கள். மூன்று நாள், அதிகம் போனால் நான்கு நாள் தாங்கும். கல்போல் இறுகியிருக்கும். கால் டம்ளர் தண்ணீர் ஊற்றி உடைத்துச் சூடாக்கினால் பழைய பதம் திரும்பிவிடும். ரோல்டு ஓட்ஸை இப்படி வைத்துச் சூடாக்கினால் பசையாகிவிடும், ஸ்டீல் கட் அப்படி ஆகாது. வேலைக்குப் போகிறவர்களுக்கு ஸ்டீல் கட்டின் உண்மையான வசதி இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

ஊறவைத்து, வேகவைக்காமலே சாப்பிடலாமா?

ரோல்டு ஓட்ஸுக்கு அது சரி. இது ஊறினாலும் நறுக்நறுக்கென்றுதான் இருக்கும், வயிற்றுக்கும் கனம். வேகவைத்தே சாப்பிடுங்கள்.

இனிப்பே பிடிக்காது. காரமாகச் செய்ய வழி உண்டா?

நிறைய உண்டு. சொல்லப்போனால் இந்த ஓட்ஸுக்கு இனிப்பைவிடக் காரம்தான் பொருந்தும்.

எளிதானது மோர்க்கஞ்சி. ஒரு பங்குக்கு ஐந்து பங்கு தண்ணீர் வைத்து நன்றாக வேகவிட்டு, முழுக்க ஆறவையுங்கள். கெட்டி மோர், உப்பு, நறுக்கிய சின்ன வெங்காயம், கொஞ்சம் இஞ்சி. தொட்டுக்கொள்ள மோர் மிளகாயோ நார்த்தங்காய் ஊறுகாயோ. சூடாக இருக்கும்போது மோரை ஊற்றினால் திரிந்துவிடும், அவசரப்படாதீர்கள்.

பொங்கலும் அருமையாக வரும். முக்கால் கப் ஓட்ஸ், கால் கப் பாசிப்பருப்பு, இரண்டையும் வறுத்து, நாலு கப் தண்ணீரோடு உள்பாத்திரத்தில் வைத்து நாலைந்து விசில். மிளகு, சீரகம், இஞ்சி, கறிவேப்பிலை, பெருங்காயம் தாளித்துக் கொட்டுங்கள். நெய்யை வழக்கமான வெண்பொங்கலில் பாதியாகக் குறைத்தாலும் தெரியாது, ஓட்ஸே வழுவழுப்பைக் கொடுத்துவிடும். ஓட்ஸின் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, பருப்பில் அது நிறைய இருப்பதால் இரண்டும் சேரும்போது புரதமும் முழுமையாகிறது.

உப்புமாவுக்கு ஒரு பங்குக்கு இரண்டு பங்கு தண்ணீர்தான். வறுப்பதில் கஞ்சத்தனம் கூடாது, இல்லையென்றால் உதிராது. கோதுமை ரவை உப்புமாவைப்போல் பொலபொலவென்று வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். கொஞ்சம் ஒட்டத்தான் செய்யும்.

இனிப்பாகச் சாப்பிட்டே ஆக வேண்டும் என்றால்?

வாழைப்பழத்தை மசித்துக் கடைசி இரண்டு நிமிடம் வேகவிடுங்கள், அல்லது இரண்டு பேரீச்சை நறுக்கிப் போடுங்கள். ஏலக்காயும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்தால் இனிப்பு தூக்கலாகத் தெரியும். வெல்லமும் தேனும் சர்க்கரைக்கு மாற்று என்று நினைத்து அள்ளிப் போடாதீர்கள், ரத்தத்துக்கு மூன்றும் சர்க்கரைதான்.

ஓட்ஸ் இரும்புச்சத்தை உறிஞ்சவிடாது என்று படித்தேன்.

ஃபைட்டிக் அமிலத்தைச் சொல்கிறார்கள். எல்லா முழுத்தானியத்திலும் இருப்பதுதான், இரும்பையும் துத்தநாகத்தையும் கொஞ்சம் கட்டிவைக்கும். ஊறவைத்தால் அது போய்விடும் என்பது ஓட்ஸ் விஷயத்தில் அவ்வளவாகப் பொருந்தாது. அதைச் சிதைக்கும் நொதி ஓட்ஸில் இயல்பிலேயே குறைவு, இருப்பதும் ஆலைச் சூட்டில் போய்விடுகிறது. அதைவிட எளிய வழி, கூடவே வைட்டமின் சி உள்ள ஏதாவது ஒன்று சாப்பிடுவது. ஒரு நெல்லிக்காய், ஒரு கொய்யாத்துண்டு, உப்புமாவில் எலுமிச்சை பிழிவது, இதில் ஏதாவது ஒன்று போதும். காபி, டீயை ஒரு மணி நேரம் தள்ளிவையுங்கள். ரத்தசோகை உள்ளவர்களுக்கு இது முக்கியம், மற்றவர்கள் இதற்காகக் கவலைப்பட வேண்டாம்.

குளூட்டன் ஒத்துக்கொள்ளாதவர்கள் சாப்பிடலாமா?

ஓட்ஸில் கோதுமையின் குளூட்டன் என்ற புரதம் இல்லை. ஆனால் வயலிலும் லாரியிலும் ஆலையிலும் கோதுமையோடும் பார்லியோடும் கலந்துவிடுகிறது. குளூட்டனால் குடல் பாதிக்கப்படும் சீலியாக் நோய் உள்ளவர்கள் குளூட்டன் இல்லை என்று அச்சிட்ட பொட்டலத்தை மட்டுமே வாங்க வேண்டும். அந்த வாசகத்தைப் போட ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது என்பது விதி. அதிலும் சிலருக்கு ஓட்ஸின் சொந்தப் புரதமான அவெனினே ஒத்துக்கொள்ளாது, மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

வேறு யார் கவனமாக இருக்க வேண்டும்?

தைராய்டு மாத்திரை போடுபவர்கள் வெறும் வயிற்றில் மாத்திரையைப் போட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துச் சாப்பிடுங்கள், நார்ச்சத்து மாத்திரையை உறிஞ்சவிடாது. சிறுநீரக நோயாளிகளுக்குப் பாஸ்பரஸ், பொட்டாசியம் கணக்கு உண்டு, அவர்கள் கேட்காமல் தொடங்கக் கூடாது. இதுவரை நார்ச்சத்தே அதிகம் சாப்பிடாதவர்கள் முதல் வாரம் பாதி அளவில் தொடங்குங்கள். இல்லையென்றால் வயிறு உப்பிக்கொண்டு அலுவலகத்தில் அவஸ்தை. தண்ணீரும் கூடுதலாகக் குடிக்க வேண்டும்.

குழந்தைகளுக்குக் கொடுக்கலாமா?

திட உணவு தொடங்கிய குழந்தைக்கு நன்றாகக் குழைய வேகவைத்து மசித்துக் கொடுக்கலாம், துண்டாகக் கொடுக்கக் கூடாது. ஒரு வயதுவரை உப்பு, சர்க்கரை வேண்டாம், தேன் கூடவே கூடாது. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் கஞ்சி என்றால் ஓடுவார்கள், பொங்கலாகச் செய்து போடுங்கள்.

வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

பொருட்களின் பட்டியலில் ஓட்ஸ் என்ற ஒரே சொல்தான் இருக்க வேண்டும். மசாலா ஓட்ஸ் பாக்கெட்டுகளில் உப்பு எவ்வளவு என்று பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். இந்தியாவில் ஓட்ஸ் பயிராவது பெரும்பாலும் மாட்டுத் தீவனத்துக்கு, நாம் சாப்பிடுவதில் பெரும்பகுதி ஆஸ்திரேலியா போன்ற நாடுகளிலிருந்து வருகிறது. ஸ்டீல் கட் ரோல்டைவிட விலை கூடுதல், சின்னக் கடைகளில் சரக்கு நாள்பட்டுக் கிடக்கும். தயாரித்த தேதியைப் பாருங்கள். பிரித்ததும் மூக்கருகே கொண்டுபோய் முகருங்கள். பழைய எண்ணெய் வாடையோ நாக்கில் கசப்போ இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், வேகவைத்தால் சரியாகாது. வீட்டில் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள், கோடையில் ஃபிரிட்ஜ் நல்லது.

இட்லியை விட்டுவிட்டுத் தினமும் ஓட்ஸ்தான் சாப்பிட வேண்டுமா?

யாரும் அப்படிச் சொல்லவில்லை. பீட்டா குளூக்கன் ஓட்ஸிலும் பார்லியிலும்தான் குறிப்பிடும்படி இருக்கிறது, இட்லியிலோ சாமையிலோ அந்த அளவுக்கு இல்லை. கொலஸ்ட்ரால் கவலை இருப்பவர் வாரத்தில் ஐந்து நாளாவது சாப்பிட்டால்தான் பலன் தெரியும். அந்தக் கவலை இல்லாதவர் பிடித்த நாளில் சாப்பிடட்டும். கம்பங்கூழும் கேழ்வரகும் உள்ள வீட்டில் முழுத்தானியத்துக்குப் பஞ்சமில்லை.

மிஞ்சிய கஞ்சியை என்ன செய்வது?

அடை மாவிலோ தோசை மாவிலோ இரண்டு கரண்டி கலந்துவிடுங்கள், அடை மெத்தென்று வரும். வெங்காயம், பச்சை மிளகாய், கொஞ்சம் கடலை மாவு சேர்த்துப் பிசைந்து, தோசைக்கல்லில் தட்டையாகத் தட்டிச் சுட்டாலும் நன்றாக இருக்கும். பால் ஊற்றிய கஞ்சியாக இருந்தால் அன்றைக்கே முடித்துவிடுங்கள்.